ஒமேகா-3 மூளைக்குள் போகிறதா என்பதை ஸ்கேனில் பார்க்க முடியுமா?

ஆறு மாதமாக ஒமேகா-3 மாத்திரை சாப்பிட்டு வருவதாகவும், உடம்பில் எந்த நோயும் இல்லை என்றும், அந்தக் கொழுப்பு மூளைக்குப் போய்ச் சேர்கிறதா என்பதை ஒரு ஸ்கேன் எடுத்துத் தெரிந்துகொள்ள முடியுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். கேட்டது ஒன்றுதான் என்றாலும் அதற்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. மூளையில் இப்போது இந்தக் கொழுப்பு அமிலம் எவ்வளவு இருக்கிறது என்பது முதலாவது, அது இருப்பு. ரத்தத்திலிருந்து மூளைக்குள் அது என்ன வேகத்தில் போகிறது என்பது இரண்டாவது, அது வரவு. மாத்திரை சாப்பிட்டதால் இந்த இரண்டில் ஏதாவது மாறியதா என்பது மூன்றாவது. உங்கள் மனதில் இருப்பது மூன்றாவது கேள்வி. இன்றைய ஸ்கேன்கள் அளப்பதோ இரண்டாவதை மட்டும், அதுவும் ஒரு ரத்தப் பரிசோதனையின் துணையோடு.

நான் மருத்துவர் இல்லை. உடம்புக்குள் செலுத்திய கதிரியக்கப் பொருள் எங்கே போகிறது என்று படம் பிடிக்கும் பெட் (PET) ஸ்கேன் பிரிவில், கதிரியக்கக் குறியிட்ட பொருட்களைத் தயாரிப்பதிலும், எடுத்த படங்களிலிருந்து எண்களைக் கணக்கிடுவதிலும் பல ஆண்டுகள் வேலை செய்தவன். அதனால் மாத்திரை சாப்பிடலாமா வேண்டாமா என்பதற்குள் போக மாட்டேன். இந்த அளவீடு எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பதை மட்டும் எழுதுகிறேன்.

முதலில் எம்.ஆர்.ஐ. பற்றி, ஏனென்றால் பலரும் அதைத்தான் நினைக்கிறார்கள். மூளையின் உலர் எடையில் ஏறக்குறைய பாதி கொழுப்பு வகைப் பொருள்தான். ஆனாலும் எம்.ஆர்.ஐ.யில் ஒமேகா-3 தனியாகத் தெரியாது. செல் சவ்வுகளில் நெருக்கமாக அடுக்கப்பட்டிருக்கும் கொழுப்பு மூலக்கூறுகளுக்கு அசைவு குறைவு. அவற்றிலிருந்து வரும் சமிக்ஞை எழுந்த வேகத்திலேயே மங்கிவிடுகிறது. வேதிப்பொருட்களைப் பிரித்துக் காட்டும் ஸ்பெக்ட்ரோஸ்கோபி முறையிலும், நலமாக உள்ள மூளையில் கொழுப்பின் சமிக்ஞை சொற்பம்தான். அதிலும் தலையின் தோலுக்கு அடியில் உள்ள கொழுப்பின் சமிக்ஞை வந்து கலந்துவிடும். ஆகவே எம்.ஆர்.ஐ. உங்கள் கேள்விக்கு உதவாது. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

மிஞ்சுவது பெட் ஸ்கேன். கொழுப்பு அமிலத்தின் ஒரு முனையில் உள்ள கார்பன் அணுவை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் கார்பன்-11 என்ற கதிரியக்கக் கார்பனை வைக்கிறோம். மூலக்கூறின் வடிவமோ குணமோ இதனால் மாறுவதில்லை; உடம்புக்கு அது வழக்கமான கொழுப்பு அமிலம்தான். அது எங்கே போனாலும் வெளியிலிருந்து தடம் பிடித்துவிடலாம். ஆனால் கார்பன்-11 சுமார் 20 நிமிடங்களுக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். இரண்டு மணி நேரத்தில் அறுபத்து நான்கில் ஒரு பங்குதான் மிஞ்சும். அதனால் அதை உண்டாக்கும் சைக்ளோட்ரான் ஸ்கேன் அறைக்குப் பக்கத்திலேயே இருந்தாக வேண்டும். இந்த ஒரு காரணத்தாலேயே உலகில் வெகு சில இடங்களில் மட்டும் இந்த வேலை நடக்கிறது.

ஸ்கேன் நடக்கும் நாளைக் கொஞ்சம் விவரித்தால், இது ஏன் சாதாரணப் பரிசோதனையாக மாறவில்லை என்பது புரியும். வருபவர் வெறும் வயிற்றில் வர வேண்டும். சாப்பிட்டதும் இன்சுலின் ஏறும். உடல் கொழுப்பிலிருந்து கொழுப்பு அமிலம் வெளிவருவது குறையும். ரத்தத்தில் உள்ள அளவே மாறிப்போகும். வந்தவருக்கு மணிக்கட்டுத் தமனியில் மெல்லிய குழாய் ஒன்றைச் செருகுவார்கள். கைச் சிரையில் ஊசி போடுவதைப் போன்றதல்ல இது. மரத்துப்போக மருந்து கொடுத்துத்தான் செய்வார்கள். குறியிட்ட அமிலத்தை உள்ளே செலுத்தியவுடன் சில வினாடிகளுக்கு ஒருமுறை தமனி ரத்தம் எடுக்க வேண்டும். போகப் போக இடைவெளி கூடும். எடுத்த ஒவ்வொரு குழாயையும் உடனே சுழற்றி, செல்கள் நீங்கிய ரத்தத் திரவமான பிளாஸ்மாவைப் பிரித்து, அதில் உள்ள கதிரியக்கத்தில் எத்தனை பங்கு இன்னும் அந்த அமிலமாகவே இருக்கிறது, எத்தனை பங்கு கல்லீரலிலும் இதயத்திலும் எரிந்து கார்பன் டை ஆக்சைடாக மாறிவிட்டது என்று பார்க்க வேண்டும். அந்தக் கார்பன் டை ஆக்சைடும் மூளைக்குள் தாராளமாக நுழையும். அதைக் கழிக்காவிட்டால், கொழுப்பு அமிலம் போகாத இடத்திலும் போனது போல் படம் காட்டும்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு நாள், ரத்த மாதிரிகளின் கதிரியக்கத்தை எண்ணும் கருவியின் கடிகாரமும் ஸ்கேனரின் கடிகாரமும் இரண்டு நிமிடம் வேறுபட்டிருந்ததை ஸ்கேன் முடிந்த பிறகே கவனித்தோம். கார்பன்-11 ஒரு நிமிடத்தில் 3 சதவீதத்துக்கு மேல் தேய்கிறது. இரண்டு நிமிட வித்தியாசம் கிட்டத்தட்ட 7 சதவீதப் பிழை. எவ்வளவு வித்தியாசம் என்று தெரிந்திருந்ததால் கணக்கில் சரிசெய்ய முடிந்தது. தெரியாமலே போயிருந்தால், ஒரு மனிதர் தமனியில் குழாயோடு ஒரு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் படுத்திருந்தது வீணாகியிருக்கும். அன்றிலிருந்து ஒவ்வொரு ஸ்கேனுக்கும் முன்பு எல்லாக் கடிகாரங்களையும் நானே ஒருமுறை பார்த்துவிடுவேன்.

இனி எண்ணுக்கு வருகிறேன். ஸ்கேன் முடியும்போது மூளையின் ஒரு பகுதியில் எவ்வளவு கதிரியக்கம் தங்கியிருக்கிறது என்பதைப் படம் சொல்கிறது. அதுவரை பிளாஸ்மா வழியாக மூளைக்கு முன்னால் மொத்தம் எவ்வளவு வந்துபோனது என்பதை எடுத்த ரத்த மாதிரிகள் சொல்கின்றன. முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் கிடைப்பதைக் கே-ஸ்டார் என்பார்கள். ஒரு மில்லிலிட்டர் மூளைத் திசு, நிமிடத்துக்கு எத்தனை மைக்ரோலிட்டர் பிளாஸ்மாவில் உள்ள அமிலத்தை முழுவதுமாக வழித்தெடுப்பதற்குச் சமமாக உறிஞ்சுகிறது என்பது அதன் பொருள். நலமாக உள்ளவர்களிடம் அராகிடோனிக் அமிலம் என்ற ஒமேகா-6 கொழுப்பு அமிலத்தை வைத்து அளந்தபோது, மூளையின் சாம்பல் நிறப் பகுதியில் இது 5 முதல் 6 மைக்ரோலிட்டர். வெண்ணிறப் பகுதியில் அதில் பாதி அளவு. அதே ஒரு மில்லிலிட்டர் திசுவின் வழியாக நிமிடத்துக்கு ஓடும் ரத்தம் 500 மைக்ரோலிட்டர் அளவில் இருக்கும். அதாவது வருவதில் ஏறக்குறைய நூறில் ஒரு பங்கைத்தான் மூளை எடுத்துக்கொள்கிறது. எனவே ரத்த ஓட்டம் கூடினாலும் குறைந்தாலும் இந்த எண் அதனால் நேரடியாக அசைவதில்லை. பெட் ஸ்கேனைக் குறை சொல்பவர்கள் முதலில் கேட்பது, "நீங்கள் ரத்த ஓட்டத்தைத்தானே அளக்கிறீர்கள்?" என்பதுதான். அதற்கான பதில் இந்தக் கணக்கில் இருக்கிறது.

இந்த முறையை விலங்குகளில் தொடங்கி மனிதர்கள் வரை கொண்டுவந்ததில் அமெரிக்கத் தேசிய முதுமையியல் நிறுவனத்தின் ஸ்டான்லி ராப்போபோர்ட் குழுவுக்குப் பெரிய பங்கு உண்டு. உங்கள் மாத்திரையில் உள்ள டி.எச்.ஏ. என்ற ஒமேகா-3 அமிலத்தை வைத்து 2009-ல் வெளியான ஆய்வுதான் உங்கள் கேள்விக்கு மிக நெருக்கமானது. நலமாக உள்ள 14 பெரியவர்களுக்குக் கார்பன்-11 குறியிட்ட டி.எச்.ஏ. செலுத்திப் படம் எடுத்தார்கள். அதற்கு முன்பு குரங்குகளில் பார்த்தபோது, செலுத்தியதில் அரை சதவீதம்தான் மூளைக்குப் போனது; மீதி பிற உறுப்புகளுக்குப் போய்விட்டது. மனிதர்களில் முழு மூளைக்கும் சேர்த்து நாளொன்றுக்கு 3.8 மில்லிகிராம் டி.எச்.ஏ. உள்ளே போகிறது என்று கணக்கிட்டார்கள். ஒரு கிராம் எடையுள்ள சாதாரண மீன் எண்ணெய் மாத்திரையில் 120 மில்லிகிராம் அளவுக்கு டி.எச்.ஏ. இருக்கும், மூளையின் ஒரு நாள் வரவு அதில் முப்பதில் ஒரு பங்குதான்.

இந்த 3.8-ஐ வைத்து ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். மூளையில் மொத்தம் இருக்கும் டி.எச்.ஏ. சுமார் 5 கிராம், அதாவது 5,000 மில்லிகிராம். அதை 3.8-ஆல் வகுத்தால் 1,316 நாட்கள். அரை ஆயுளுக்கு 0.693-ஆல் பெருக்கினால் 912 நாட்கள், இரண்டரை ஆண்டு. உங்கள் மூளையில் இன்று இருக்கும் டி.எச்.ஏ.யில் பாதி மாறுவதற்கே அவ்வளவு காலம் ஆகும். எனவே இருப்பை அளக்க ஒரு ஸ்கேன் இருந்திருந்தால்கூட, ஆறு மாத மாத்திரையின் விளைவு அதில் மிகச் சிறிதாகத்தான் தெரிந்திருக்கும். மூளை இந்த அமிலத்தை எளிதில் விட்டுவிடுவதில்லை. நலமாக உள்ளவருக்கு இது நல்ல செய்தி என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஆனால் 3.8 என்ற எண்ணோடு ஒட்டிக்கொண்டு இன்னோர் எண் வருகிறது: கூட்டவோ குறைக்கவோ 1.7. பதினான்கு பேரிடையே இருந்த சிதறல் அது. சராசரியில் கிட்டத்தட்ட பாதி. நோயில்லாதவர்களுக்குள்ளேயே இவ்வளவு வேறுபாடு இருக்கும்போது, ஒரே ஒருவரை ஒரே ஒருமுறை ஸ்கேன் எடுத்து "உங்களுக்குக் குறைவு", "உங்களுக்கு அதிகம்" என்று சொல்ல எந்த அடிப்படையும் இல்லை. குழுக்களை ஒப்பிடுவதற்கு உகந்த கருவி இது; தனி மனிதருக்குத் தீர்ப்புச் சொல்வதற்கு அல்ல.

இன்னொன்று, இதைத்தான் மிகவும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். அந்த 3.8 மில்லிகிராம் படத்திலிருந்து மட்டும் வந்த எண் அல்ல. படத்திலிருந்து வந்த கே-ஸ்டாரை, பிளாஸ்மாவில் வேறு கொழுப்பு மூலக்கூறுகளோடு வேதிப் பிணைப்பில் சேராமல், பிணையாமல் இருக்கும் டி.எச்.ஏ.யின் அளவால் பெருக்கி வந்தது. ஆல்புமின் புரதத்தில் ஒட்டிக்கொண்டு ஓடும் சிறு பங்கு அது. மாத்திரை சாப்பிட்டதால் அந்தப் பங்கு இரண்டு மடங்கு ஆனது, கே-ஸ்டார் மாறவே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். மூளைக்குள் போவது இரண்டு மடங்காகிவிட்டது. ஆனால் முன்பும் பின்பும் எடுத்த கே-ஸ்டார் படங்களை அருகருகே வைத்தால் ஒரு வித்தியாசமும் தெரியாது. வண்ணப் படத்தைக் காட்டி "இதோ, மூளை ஒமேகா-3-ஐ உறிஞ்சுகிறது" என்று யாராவது சொன்னால், பிளாஸ்மா அளவு எவ்வளவு என்று கேளுங்கள். அது இல்லாமல் அந்தப் படத்துக்கு மில்லிகிராமில் எந்த அர்த்தமும் கிடையாது.

மற்ற கொழுப்பு அமிலங்களைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். அராகிடோனிக் அமிலம் நாளொன்றுக்குச் சுமார் 17.8 மில்லிகிராம் மூளைக்குள் போகிறது என்பது இதே முறையில் வந்த மதிப்பீடு. வயதானவர்களில் அது குறைகிறதா என்று 2004-ல் பார்த்தார்கள். வயதோடு மூளை சற்றுச் சுருங்கி, படத்தின் ஒவ்வொரு புள்ளியிலும் திசுவோடு, மூளையைச் சூழ்ந்திருக்கும் தண்டுவட நீரும் கலந்துவிடும். அதனால் எண் குறைந்தது போலத் தோன்றும். அதைத் திருத்திய பிறகு, நலமாக உள்ள முதியவர்களுக்கும் இளைஞர்களுக்கும் இடையே சொல்லத்தக்க வேறுபாடு மிஞ்சவில்லை. வயதானவர்களின் மூளைப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் இந்தத் திருத்தம் செய்தார்களா என்றுதான் முதலில் தேடுவேன்.

பால்மிடிக் அமிலம் என்ற நிறைவுற்ற கொழுப்பு அமிலத்தின் கதை வேறு. மூளைக்குள் போன பிறகு அதில் கணிசமான பங்கு சவ்வில் சேராமல் எரிந்துவிடுகிறது. எரிந்தால் கார்பன்-11 கார்பன் டை ஆக்சைடாகித் தப்பிவிடும். படத்தில் தெரிவது எரியாமல் மிஞ்சியது மட்டும். இதைச் சமாளிக்க, சங்கிலியின் நடுவில் ஒரு கந்தக அணுவை வைத்து, ஃப்ளூரின்-18 குறியிட்ட எஃப்.டி.எச்.ஏ. (FTHA, மேலே சொன்ன டி.எச்.ஏ. அல்ல) என்ற செயற்கை அமிலத்தை உருவாக்கினார்கள். பாதி வழியில் கந்தகம் தடுத்துவிடுவதால் அது மேற்கொண்டு எரியாமல் செல்லுக்குள் மாட்டிக்கொள்ளும். பின்லாந்தின் துர்க்கு நகரில் இந்த இரண்டையும் கொண்டு 2010-ல் ஓர் ஆய்வு வெளிவந்தது. உடல் பருமனும் வளர்சிதை மாற்றக் கோளாறும் உள்ளவர்களின் மூளை, நலமாக உள்ளவர்களைவிடச் சுமார் 50 சதவீதம் அதிகமாகக் கொழுப்பு அமிலத்தை எடுத்துக்கொண்டது. மிகக் குறைந்த கலோரி உணவில் சில வாரங்கள் இருந்து எடை குறைந்ததும் அது இறங்கியது.

இதைப் படிக்கும்போது ஒன்று உறுத்த வேண்டும். அதிகம் உறிஞ்சியது நோயுற்ற பக்கம். அல்சைமர் நோயாளிகளின் மூளையிலும் அராகிடோனிக் அமிலம் உள்ளே போவது அதிகமாகத்தான் இருந்தது. அல்சைமர் அபாயத்தைக் கூட்டும் ஏ.பி.ஓ.இ.4 மரபணு வகை உள்ளவர்களில், நினைவாற்றலில் எந்தக் குறையும் இல்லாத இளம் வயதிலேயே டி.எச்.ஏ. அதிகமாக உள்ளே போகிறது என்று 2017-ல் வெளியான ஆய்வு காட்டியது. பங்கேற்றவர்கள் 22 பேர். ஆகவே அதிகம் போனால் நல்லது என்று எடுத்துக்கொள்ள முடியாது. ஒழுகும் பானைக்குத்தான் அடிக்கடி நீர் ஊற்ற வேண்டியிருக்கும். ஏ.பி.ஓ.இ.4 உள்ளவர்களுக்கு மூளையிலிருந்து இழப்பு அதிகமாக இருப்பதால் வரவும் அதிகமா, அல்லது காரணம் வேறா என்பது இன்னும் தீர்ந்தபாடில்லை. இழப்பு என்ற விளக்கம் எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. ஆனால் அது என் சாய்வு, நிரூபணம் அல்ல.

இந்தத் துறையில் ஓயாத விவாதம் ஒன்றும் இருக்கிறது. 2014-ல் சிங்கப்பூரில் டேவிட் சில்வர் குழுவினர், ரத்த–மூளைத் தடையில் உள்ள எம்.எஃப்.எஸ்.டி.2ஏ என்ற புரதம் டி.எச்.ஏ.யை லைசோபாஸ்பாடிடைல் கோலின் என்ற வேறொரு வடிவத்தில் மூளைக்குள் கொண்டுபோகிறது என்று எலிகளில் காட்டினார்கள். அந்தப் புரதத்துக்கான மரபணு பழுதுபட்ட குழந்தைகள் மிகச் சிறிய தலையோடு பிறப்பது அடுத்த ஆண்டு தெரியவந்தது. எனவே அந்த வழி மனிதர்களுக்கும் முக்கியம் என்பதில் ஐயமில்லை. ஐயம் எங்கே என்றால், வளர்ந்த மூளைக்கு அன்றாட வரவில் எந்த வழியின் பங்கு பெரிது என்பதில். பிணையாத டி.எச்.ஏ.தான் அளவில் பெரியது என்று ஒரு சாரார் விலங்குச் சோதனைகளைக் காட்டுகிறார்கள். மறு சாரார் மறுக்கிறார்கள். நமக்கு இதில் கவனிக்க வேண்டியது, மேலே சொன்ன பெட் அளவீடு பிணையாத வடிவத்தின் கணக்கை மட்டுமே சொல்கிறது என்பது. மற்ற வழியில் கணிசமாகப் போகிறது என்றால், 3.8 என்பது மொத்த வரவு அல்ல, ஒரு வாசல் வழியாக வந்த வரவு மட்டும். அப்போது இரண்டரை ஆண்டு என்ற கணக்கும் குறைந்துபோகும்.

இனி, உங்களுக்கு இந்த ஸ்கேன் கிடைக்குமா என்றால், மருத்துவர் எழுதிக்கொடுத்துப் போய் எடுக்கும் பரிசோதனையாக இது இல்லை. ஆராய்ச்சியில் பங்கேற்பவர்களுக்கு மட்டும்தான். கார்பன்-11 விரைவில் தேய்வதால் கதிரியக்கத்தின் அளவு குறைவு, ஆனாலும் அது பூஜ்யம் அல்ல. தமனியில் குழாய் போடுவதிலும் சிறு ஆபத்து உண்டு. தனக்கு எந்தப் பயனும் கிடைக்காத நலமான ஒருவரை அதற்கு உட்படுத்த நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வேண்டும், அது வேண்டியதும்தான்.

மாத்திரையின் விளைவை அறிய ஸ்கேனைவிட நேரான சான்று வேறு வழியில் வந்திருக்கிறது. நாளொன்றுக்கு 2 கிராமுக்குச் சற்று மேல் டி.எச்.ஏ.யை ஆறு மாதம் கொடுத்து, முதுகுத் தண்டுவட நீரை எடுத்துப் பார்த்த ஆய்வு 2020-ல் வெளிவந்தது. போலி மாத்திரை சாப்பிட்டவர்களைவிட டி.எச்.ஏ. 28 சதவீதம் உயர்ந்திருந்தது. மூளையைச் சூழ்ந்த நீர்வரை அது எட்டுகிறது என்பதற்கு இது நல்ல சான்று. ஆனால் கொடுத்த அளவு, நான் மேலே சொன்ன சாதாரண மாத்திரைகளில் பதினேழு பதினெட்டுக்குச் சமம் என்பதையும், தண்டுவட நீர் வேறு, மூளைத் திசு வேறு என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கைக்கு எட்டுவது ரத்தச் சிவப்பணுக்களில் ஒமேகா-3 எத்தனை சதவீதம் என்று பார்க்கும் பரிசோதனை. சிவப்பணு சுமார் 120 நாட்கள் வாழ்வதால், நேற்றுச் சாப்பிட்டதை அல்லாமல் கடந்த சில மாதங்களில் உடம்பில் சேர்ந்ததை அது காட்டும். மாத்திரை உங்கள் ரத்தம்வரை வந்ததா என்பதற்கு அது தெளிவான பதில் தரும். மூளையைப் பற்றி ஒன்றும் சொல்லாது. எப்போதாவது ஓர் ஆராய்ச்சிக் குழு பெட் ஸ்கேனுக்கு உங்களை அழைத்தால், மாத்திரைக்கு முன்பும் பின்பும் எடுக்கும் இரண்டு ஸ்கேனுக்கும் ஒரே அளவு நேரம் பட்டினி இருக்கச் சொல்கிறார்களா, தமனி ரத்தம் எடுக்கிறார்களா என்று கேளுங்கள். முடிவைத் தரும்போது, ஸ்கேன் நடந்த அன்று பிளாஸ்மாவில் இருந்த பிணையாத டி.எச்.ஏ.யின் அளவையும் படத்தோடு சேர்த்துக் கேட்டு வாங்குங்கள்.